மேல் வராந்தாவில் நடந்தவர்

மாடியில் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, கீழே கவுண்டரில் நின்றுகொண்டு, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஒரு சாயங்காலம் சொன்னேன். கேட்டவர்கள் அவருடைய மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டார். அந்தக் கல்யாணம் நின்றுபோனது. நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். யாரும் என்னை மிரட்டவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது கொஞ்சம் சுலபமாகும் என்று நினைக்கிறேன்.

மலையாள நாட்டில் தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது; வீடு நகரத்தில், ஸ்ரீவராகத்தில். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, கல்லூரி வேலை கிடைக்காமல், கொஞ்ச நாளைக்கு என்று அந்த ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்குப் போனேன். கொஞ்ச நாள் என்பது ஓய்வு பெறும்வரை நீண்டது. இளமையில் கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாம் திரும்பி வந்தன. அந்தக் குறை எனக்குள் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹோட்டல், மெயின் ரோட்டை விட்டு இறங்கும் ஒரு சரிவில் இருந்தது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், நகரத்துக்கு வரும்போது தங்கக் கட்டிய வீடு. ஓட்டுக்கூரை, கீழும் மேலும் அகலமான வராந்தாக்கள், மரச்சட்டம் அடித்த சுவர்கள். முற்றத்தில் ஓர் ஏழிலைப் பாலை மரம் நின்றது. மழை ஓய்ந்து அது பூக்கும் காலத்தில் சாயங்காலமானால் ஒரு வாசனை இறங்கும். இனிப்பும் இல்லை, நல்ல வாசனை என்றும் சொல்ல முடியாது; தலையைச் சற்று கனக்கச் செய்யும். பாலை மரத்தில் யட்சி இருப்பாள் என்பது இந்த ஊரில் பால்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நம்புகிறவர்கள் குறைவு. அந்த மரத்தடியில் தனியாக நிற்பவர்கள் அதைவிடக் குறைவு.

மேல் வராந்தாவின் கோடியில் ஒரு கதவு உண்டு. அந்தக் காலத்தில் குளியலறையைச் சுத்தம் செய்ய வருபவர்கள் துரை கண்ணில் படாமல் வந்து போவதற்காக வைத்த கதவு. வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. சுவரின் மரச்சட்டத்தோடு சட்டமாக இருக்கும். தோளால் தள்ளினால் திறந்து, தானே மூடிக்கொள்ளும். பின்னால் ஒரு குறுகிய படிக்கட்டு நேராக லினன் ரூமுக்கு இறங்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலையெல்லாம் துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அடுக்கி வைக்கும் அறை அது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தோட்டம் முடங்கி, புருஷனும் இறந்துபோன பிறகு, மகளோடு மலையிறங்கி வந்து ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியின் பின்கட்டில் குடியிருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். அன்றைக்கு நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்றுதான் வருகிறது. ஹோட்டல் வழக்கப்படி பெண்கள் வெள்ளை முண்டும் மேலே போர்த்தும் நேரியதும் உடுத்த வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தலை குளித்து முடி உலராமலே, வெறுங்காலோடு, மடித்த விரிப்புகளை முகம் மறையும் உயரத்துக்குச் சுமந்துகொண்டு அவர் மேல் வராந்தாவில் நடப்பார். அறைகளில் வைத்துவிட்டுக் கோடிக் கதவைத் தோளால் தள்ளி இறங்கிவிடுவார்.

ஒரு நாள் மாடியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் கவுண்டருக்கு வந்தார். சாய்வு நாற்காலியில் தூங்கி எழுந்த முகம்.

"மேலே வெள்ளையாக ஒரு பெண் போனாள். முகம் இல்லை. சுவருக்குள் போய்விட்டாள். அது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லினன் ரூம் பெண் என்று சொல்லியிருக்கலாம். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓ, நீங்களும் பார்த்துவிட்டீர்களா?" என்றேன்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக வந்தது. துரையின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மலையிலிருந்து கூட்டி வந்த பெண். குழந்தை காய்ச்சலில் போனது. அதை நம்பாமல் அவள் தினமும் புது விரிப்போடு தொட்டிலைத் தேடி வருகிறாள். கவுண்டரில் நின்றபடியே சொன்னேன். அந்த அம்மாளின் கண் கலங்கியது. என் கதை ஒன்றைக் கேட்டு ஒருவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

கேள்விப்பட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலாளி மலையாளி, நல்ல மனிதர், தமிழும் பேசுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாமி, அவளை யாரும் முன்பக்கம் காண வேண்டாம். பின்படி வழி வரட்டே, போகட்டே. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தடவை வராந்தாவில் நடந்தால் மதி, அது போதும். ஆராவது கேட்டால் அப்படி ஓராள் இங்கே இல்லா. கேட்டோ?"

இதை அவரிடம் சொல்ல நான்தான் லினன் ரூமுக்குப் போனேன். கஞ்சியும் நீராவியும் மணக்கும் அறை. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் சாமி, உசிரோட இருக்கையிலயே பேயாக்கிட்டீங்க. செத்த பொறவு என்ன வேலை குடுப்பீங்க?"

"அப்போ ரிசப்ஷன்ல போட்டுடறேன்."

"ஐய, வேண்டவே வேண்டாம். அங்க நின்னா நாள் பூரா பொய்யில்ல சொல்லணும்."

அப்படித்தான் அது வழக்கமானது. விளக்கேற்றும் நேரத்தில் கீழே முற்றத்தில் விருந்தினர்கள் தேநீரோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் கதையை முடிக்கும் நேரம் பார்த்து மேலே வெள்ளை உருவம் மெதுவாக நகர்ந்து, கோடியில் இல்லாமல் போகும். பாலை பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். எத்தனையோ சாயங்காலங்கள், கதை சொன்ன நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை அவர் போனக்காட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அன்று நான் கதையே சொல்லவில்லை. மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானும் நிமிர்ந்து பார்த்தேன். மேல் வராந்தாவில் வெள்ளையாக ஒன்று போயிற்று, விரிப்புகளைச் சுமக்கிறவர்கள் நடக்கிற மாதிரியே முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டு. உலரப் போட்ட துணி காற்றில் ஆடியிருக்கலாம். மறுநாள் அவர் வந்ததும், "நேத்து நீ வந்தியா?" என்று கேட்டேன். "நல்லாருக்கே. நான் லீவு போட்டாலும் அது வேலைக்கு வந்துருதா? அப்ப அதுக்கும் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய மகள் அப்போது தையல் படித்து முடித்திருந்தாள். சாலைக் கடைவீதியில் வேலை பார்த்த ஒரு பையனுக்குக் கேட்டு வந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அவர் கவுண்டர் பக்கம் வரக்கூடாது. அதனால் பின்படியில் என்னை நிறுத்திச் சொன்னார். இஸ்திரி போட்டுச் சிவந்திருந்த கையை மடியில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"நல்ல எடம் சாமி. விசாரிக்க ஆள் வரும். கவுண்டர்ல சாமி இருப்பாரு, அவருட்ட கேட்டாப் போதும்னு சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசினால் பெண் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் கொள்ளாமல் போய் விசாரிப்பார்கள். தெருவில் கேட்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் கேட்பார்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் அதே வாசலுக்கு மறுபடி வந்து கேட்கமாட்டார்கள். முதலில் கிடைத்த பதில்தான் பதில்.

அவர்கள் வந்த சாயங்காலம் ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் வந்திருந்தது. கூட்டி வந்த வழிகாட்டி உள்ளூர்க்காரர். தமிழ் நன்றாகத் தெரியும். கவுண்டரில் சாய்ந்துகொண்டு நான் சொல்லும் கதையை முற்றத்தில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி எதிரே பிரம்பு நாற்காலியில் இருந்தார். கதை, குழந்தைக்குக் காய்ச்சல் வரும் இடத்துக்கு வந்திருந்தது.

சலவை வேட்டி கட்டிய இருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெரியவர் பையனின் தாய்மாமன். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கன லினன் ரூம்ல ஒரு அம்மா வேலை பாக்காங்களாமே, போனக்காட்டுக்காரங்க?" என்று சத்தமாகவே கேட்டார்.

வழிகாட்டி திரும்பி என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார்.

"அப்படி யாரும் இங்கே இல்லை," என்றேன்.

"இல்லியா? ஒரு பொம்பளப்பிள்ள காரியமாக்கும். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க சாமி."

"இல்லைன்னு சொன்னேனே."

கூட வந்தவர், "வாரும், போலாம். ஆளே இல்லங்காரு. பொறவு என்னத்துக்கு நிக்கது?" என்றார்.

அவர்கள் முற்றத்தில் இறங்கினார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. தாய்மாமன் குடையை விரித்தார். அதே நேரம் விருந்தினர்கள் 'ஆ' என்றார்கள். மேல் வராந்தாவில் அவர் நடந்துகொண்டிருந்தார், கையில் விரிப்புகளோடு, என் கதைக்காக. தாய்மாமன் ஒருமுறை நிமிர்ந்திருந்தால் பார்த்திருப்பார். குடை மறைத்தது. கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

முதலாளிக்குப் பயந்து சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர் பின்னால் கோபித்திருப்பார், அவ்வளவுதான். என் கதை என் முன்னால் உடைவதை நான் விரும்பவில்லை. அது ஒன்றுதான் நான் எழுதி நிலைத்த கதை.

கூட்டம் போனதும் ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மழை வலுத்தது. காலையில் போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

"ஏன்னா, தயிர்சாதம் அப்படியே இருக்கே? உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. பசியில்லை."

காலையிலும் போகவில்லை. அவர் பின்படியில் காத்திருந்தார்.

"சாமி, நேத்து யாரும் வந்தாங்களா?"

"என்கிட்ட யாரும் வரலியே."

"மழைல்லா, அதான். இன்னிக்கு வருவாங்க."

அதற்குப் பிறகும் சில நாள் அவர் வராந்தாவில் நடந்தார். நானும் கதை சொன்னேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சே வரவில்லை. வேறு பேச்சு வந்தது. வேலைக்கென்று தினமும் கிளம்பிப் போகும் அந்த அம்மாள் உண்மையில் எங்கே போகிறாள் என்று ஆரியசாலைச் சந்துகளில் பேசினார்கள். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு பகலில் அவர் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். பச்சைச் சேலை உடுத்தியிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அவரைப் பார்த்து மெய்சிலிர்த்தவர்கள்தான். லினன் ரூம் சாவியைக் கவுண்டரில் வைத்தார்.

"நானே ஆள் விட்டுக் கேட்டேன். கவுண்டர்ல இருந்த சாமியே இல்லன்னுட்டாருன்னு சொல்லி விட்டாங்க."

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் மேலதான இருந்தேன் சாமி," என்றார். குரலில் கோபம் இல்லை. ஏதோ எனக்கு மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார்.

அவர் போன பிறகும் விருந்தினர்கள் வெள்ளை உருவத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பார்த்தார்கள். நான் ஓய்வு பெற்றேன். மனைவி காலமானாள். சாயங்காலம் கோயில் பக்கம் நடந்துவிட்டு வருவது, பேப்பர் படிப்பது என்று நாட்கள் போயின. சென்ற வருடம் அந்தப் பேப்பரில்தான் பார்த்தேன். ஹோட்டலை வாங்கியிருக்கும் புதிய கம்பெனி சனிக்கிழமைகளில் பேய்க்கதைச் சுற்று நடத்துகிறதாம். கதையையும் சுருக்கிப் போட்டிருந்தார்கள். தொட்டில், காய்ச்சல், புது விரிப்பு. என் வாக்கியங்கள். பேப்பரை மடித்து வைத்தேன். அன்று முழுவதும் பாலைப்பூ வாசனை வீட்டுக்குள் இருந்தது. எங்கள் தெருவில் பாலை மரமே கிடையாது.

மறுநாள் ஆரியசாலைக்குப் போனேன். அந்த மண்டியில் இப்போது பழைய மண்டிக்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறார். "அந்த அம்மா போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சே. மக விதுரையில தையல் கடை வச்சிருக்கு," என்றார்.

விதுரை, மலைக்கு ஏறும் வழியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டை அடுத்துச் சின்னக் கடை. அந்தப் பெண்ணுக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அம்மாவின் நெற்றி. மிஷினை நிறுத்தாமலே, "சொல்லுங்க சார்" என்றாள். ஹோட்டலின் பெயரைச் சொன்னதும் மிஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். குடையையும் சொன்னேன்.

"அம்மா என்னைப் பத்தி..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் சொல்லல. திட்டவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல. நான்தான் திட்டுவேன். அந்தப் பேச்சுக்கு அப்புறம் எனக்கு வேற கல்யாணப் பேச்சு வரல. நானும் தேடிப் போகல."

"நான் இப்போ என்ன பண்ணணும், சொல்லும்மா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அன்னிக்குக் கேட்டாங்கல்லியா? அதுக்குப் பதில் சொல்லுங்க. அதே கவுண்டர்ல நின்னு. நான் கேக்கணும்."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீலச் சேலையும் கைப்பையுமாக வந்தாள். ஹோட்டல் முன்வாசல் பளபளப்பாக இருந்தது. கவுண்டர் மட்டும் பழைய ஈட்டி மரம்தான். ஒரு மலையாளிப் பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், கையில் லாந்தரோடு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இளைஞர்கள். அவள் தொட்டிலுக்கு வந்தபோது நான் கவுண்டருக்குப் போய் நின்று, உரக்கச் சொன்னேன்:

"அப்படி ஒரு அம்மா இங்கே வேலை பார்த்தா. போனக்காட்டுக்காரா. லினன் ரூமைப் பார்த்துண்டிருந்தா. பேய் இல்லை. பேய்னு சொன்னது நான்தான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். லாந்தர்ப் பெண், "அங்கிள், பொளிச்சு!" என்று கட்டைவிரலை உயர்த்தினாள். ஹோட்டல் ஏற்பாடு செய்த நடிப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மகள் கைதட்டவில்லை. "அம்மா நடந்த எடத்தக் காட்டுங்க," என்றாள்.

மாடிக்குப் போனோம். முற்றத்தில் பாலை பூத்திருந்தது. கோடிக் கதவை இப்போது யாரும் உபயோகிப்பதில்லை போல, வார்னிஷ் பூசியிருந்தார்கள். "இதுதான். தோளால தள்ளணும்," என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். திறந்தது. உள்ளே இறங்கினாள். கதவு பழைய மாதிரியே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பின்னால் ஓர் அலறல். கதைக் கூட்டம் மாடியேறி வந்திருந்தது. "சுவருக்குள்ள போயி! கண்டோ? போயி!" என்று ஒரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு கத்தினான். லாந்தர்ப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், ஆரா அது?"

அதே கேள்வி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"இங்கே லினன் ரூம்ல வேலை பார்த்த அம்மாவோட பொண்ணு. விதுரையில தையல் கடை வச்சிருக்கா," என்றேன். கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டேன். கீழே படியடியில் அவள் ஒட்டடையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. கதவைப் பிடித்தபடியே முழுக் கதையையும் சொன்னேன், தாய்மாமன் கேட்டதையும் நான் சொன்னதையும் விடாமல். சிலர் பாதியில் நழுவினார்கள். லாந்தர்ப் பெண் கடைசிவரை நின்றாள். மகள் கீழே படியிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

வெளியே வந்ததும், "கேட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

ஹோட்டல்காரர்கள் இனிச் சனிக்கிழமை வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கதையை அவர்கள் மாற்றவில்லை. மேனேஜர் பக்கத்தில் இல்லாத நாளில் கடைசியில் உண்மையையும் சேர்த்துச் சொல்வதாக லாந்தர்ப் பெண் போனில் சொன்னாள். "ஆர்க்கும் அது பிடிக்கணில்ல அங்கிள்," என்றாள். யாருக்கும் பிடிக்கவில்லையாம்.

போன மாதம் ஒரு பழைய சட்டையை எடுத்துக்கொண்டு விதுரைக்குப் போனேன். காலர் நைந்திருந்தது, திருப்பித் தைக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே தையல்காரர் இருக்கிறார். அவள் சட்டையை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "இருங்க, இப்பவே தந்துர்றேன்" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரா இது? சொந்தக்காரரா?"

அவள் கத்தரிக்கோலால் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கம்மாகூட ஹோட்டல்ல வேலை பாத்தவரு," என்றாள்.